கை வீக்கமும் நெஞ்சு வலியும்: முடக்குவாதம் உள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை



சேமிப்பு, கடன், வங்கி இணைப்பு என்று எத்தனையோ விஷயங்களை இந்தப் பக்கங்களில் நாம் பேசியிருக்கிறோம். இந்த முறை உடம்பைப் பற்றி, அதிலும் நம்மில் பலர் "இது சாதாரண மூட்டு வலிதானே" என்று ஒதுக்கிவிடும் ஒரு நோயைப் பற்றிப் பேசலாம். ஏன் இந்தப் பேச்சு என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நாங்கள் களப்பணி செய்யும் கிராமங்களில் ஒன்றில் ஒரு குழுவின் ஊக்குநராக இருக்கும் சகோதரி அவர். வயது நாற்பத்தி நான்கு. ஆறு வருடமாக இரண்டு கை விரல்களும் வீங்கி, காலையில் எழுந்தால் குடத்தைப் பிடிக்க முடியாது. பதிவேடு எழுதும் வேலையைக்கூட மகளிடம் கொடுத்துவிட்டார். அரசு மருத்துவமனையில் முடக்குவாதம் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். நாலு மாதம் சாப்பிட்டார். வலி குறைந்ததும் நிறுத்திவிட்டார். மாதம் ஒரு நாள் கூலி போகிறது, வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது, வலிதான் இல்லையே என்று காரணம் சொன்னார். பிறகு வலி திரும்பி வந்தபோது கடையில் செட் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு களை எடுக்கப் போனார்.

சென்ற வருடம் அறுவடை சமயத்தில் ஒரு நாள் இடது தோளும் தாடையும் வலித்தது, வியர்த்துக் கொட்டியது. "வாதம் தோளுக்கு ஏறிடுச்சு" என்று தைலம் தேய்த்துப் படுத்துவிட்டார். மறுநாள் மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் பக்கத்து வீட்டுக்காரர் 108-க்குப் போன் செய்தார். மாரடைப்பு! காப்பீட்டு அட்டை இருந்ததால் ஸ்டென்ட் வைத்துக் காப்பாற்றினார்கள். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி பழுதுபட்டுவிட்டது. இன்றைக்கும் அவரால் பழைய மாதிரி மேடு ஏற முடியாது.

அவருக்கு சர்க்கரை இல்லை. உடம்பு பருமன் இல்லை. "எனக்கெல்லாம் எப்படிங்க ஹார்ட்டு நோவு வந்துச்சு?" என்று கேட்டிருக்கிறார். மருத்துவர் அவருடைய கையைப் பார்த்துவிட்டு, "இந்த வீக்கம் எத்தனை வருஷமா இருக்கு?" என்று திருப்பிக் கேட்டாராம்.

விரலில் இருக்கிற நோய்க்கும் நெஞ்சில் வந்த நோய்க்கும் சம்பந்தம் உண்டு என்று அதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை. நாங்களும் சொன்னதில்லை. எங்கள் சுகாதாரப் பயிற்சியில் ரத்த சோகை இருந்தது, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இருந்தது, இது இல்லை. வலிக்கு எண்ணெய் வாங்க அவர் கேட்ட உள்கடனைக் குழு கொடுத்தபோது நாங்களும் அந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தோம். அந்தக் குறையைச் சரிசெய்யத்தான் இந்தக் கட்டுரை.

மூட்டு வலி எல்லாம் ஒரே நோய் அல்ல

நம் ஊரில் எல்லா மூட்டு வலிக்கும் 'வாதம்' என்றே பெயர். 2006-ல் சிக்குன்குனியா பரவிய பிறகு, எந்த வலி வந்தாலும் அதன் மிச்சம் என்று சொல்கிறவர்களும் உண்டு. ஆனால் முக்கியமாக இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, தேய்மானம். வயதாக ஆக முழங்கால் போன்ற பாரம் தாங்கும் மூட்டுகளில் வரும். நடந்தால், படி ஏறினால் வலிக்கும். உட்கார்ந்தால் குறையும்.

இன்னொன்று, முடக்குவாதம். ஆங்கில மருத்துவத்தில் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்பார்கள். இது முப்பது, நாற்பது வயதிலேயே வரும். இதன் அடையாளங்கள்:

• விரல் மூட்டு, மணிக்கட்டு, கால் விரல் அடி போன்ற சிறு மூட்டுகளில் வீக்கமும் வலியும் இருக்கும்.
• பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒன்று போல இருக்கும்.
• காலையில் எழுந்தவுடன் அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு மேல் கை மடங்காமல் விறைப்பாக இருக்கும். வேலை செய்யச் செய்யக் கொஞ்சம் இளகும்.
• ஆறு வாரத்துக்கு மேல் விடாமல் இருக்கும். கூடவே அசதி, பசியின்மை, லேசான காய்ச்சல் வரலாம்.

கை, கால் ஒரு பக்கமாக விழுந்துவிடும் பக்கவாதம் வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

1993-ல் டெல்லிக்கு அருகே கிராமப் பகுதியில் நடந்த ஆய்வு ஒன்று வெளியானது. பெரியவர்களில் 0.75 சதவீதம் பேருக்கு முடக்குவாதம் இருந்ததாக அதில் கண்டார்கள். அதாவது ஆயிரம் பேரில் ஏழெட்டுப் பேர். இந்நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. அப்படியானால் நமது கூட்டமைப்பு போன்ற பெண்கள் அமைப்பில் கட்டாயம் சிலருக்காவது இது இருக்கும். ஒரு தடவை உங்கள் குழுவில் உள்ளவர்களின் கைகளை நினைத்துப் பாருங்கள்.

காவலுக்கு வைத்தவர்களே வீட்டை உடைத்தால்?

நம் ரத்தத்தில் சிவப்பு அணுக்களோடு வெள்ளை அணுக்களும் இருக்கின்றன. இவைதான் உடம்பின் காவல்காரர்கள். முள் குத்தினால் அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்குகிறது அல்லவா? கிருமியைப் பிடிக்க வெள்ளை அணுக்கள் அங்கே கூடிவிட்டதன் அடையாளம் அது. வேலை முடிந்ததும் அவை கலைந்துவிடும், வீக்கமும் வற்றிவிடும்.

இந்தக் காவல்காரர்களில் பல வகை உண்டு. நமக்கு இப்போது இரண்டு வகை போதும். ஒரு வகை, கிருமியையும் குப்பையையும் விழுங்கித் தின்னும் செல்கள். இவற்றை 'விழுங்கும் செல்கள்' என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு வகை, 'டி செல்கள்'. யார் நம்மவர், யார் வெளியாள் என்று அடையாளம் பார்த்து மற்ற செல்களுக்கு உத்தரவு கொடுப்பவை.

முடக்குவாதத்தில் இந்த அடையாளம் பார்க்கும் வேலையில் தப்பு நடந்துவிடுகிறது. சொந்த உடம்பையே வெளியாள் என்று எடுத்துக்கொள்கின்றன. மூட்டுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வில் வெள்ளை அணுக்கள் கூட்டம் கூட்டமாக நுழைகின்றன. சவ்வு தடித்து வீங்குகிறது. அங்கிருந்து வரும் ரசாயனங்கள் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கின்றன. கவனிக்காமல் விட்டால் விரல் கோணிப்போவது இதனால்தான்.

இந்தக் காவல்காரர்கள் தங்களுக்குள் தகவல் சொல்லிக்கொள்ளச் சில ரசாயனங்களைச் சுரக்கின்றன. டி.என்.எஃப்., இன்டர்லூக்கின் 6 என்று அவற்றுக்குப் பெயர். பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை. "ஓடி வாங்க, சண்டை நடக்குது" என்ற கூப்பாடு என்று புரிந்துகொண்டால் போதும். இந்தக் கூப்பாடு மூட்டோடு நிற்பதில்லை. ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகிறது. நோய் உள்ளவர்களுக்கு உடம்பெல்லாம் அசதியாக இருப்பதற்கும், கை நோவு இதயம் வரை போவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

ரத்தக்குழாயில் நடப்பது என்ன?

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவதை, தண்ணீர்க் குழாயில் உப்புப் படிவது போல என்று சொல்லக் கேட்டிருப்போம். அது பாதிதான் சரி. உப்பு குழாயின் உள்ளே மேலாகப் படிகிறது. ஆனால் ரத்தக்குழாய் நோய் குழாயின் சுவருக்குள்ளே நடக்கிறது. தோலுக்கு அடியில் கட்டி வருவதோடு ஒப்பிட்டால் இன்னும் நன்றாகப் புரியும்.

முதலில் ரத்தத்தில் உள்ள கெட்ட கொழுப்பு குழாயின் உள் சுவருக்குள் நுழைந்து தங்குகிறது. அதை அப்புறப்படுத்த விழுங்கும் செல்கள் வருகின்றன. கொழுப்பைத் தின்று தின்று, உள்ளே நுரை நிறைந்தது போல உப்பி, வெளியே போக முடியாமல் அங்கேயே தங்கிவிடுகின்றன. டி செல்களும் வந்து சேர்கின்றன. இப்படிக் கொழுப்பும் செல்களும் சேர்ந்து சுவருக்குள் ஒரு கட்டி உருவாகிறது. அதன் மேலே ஒரு மூடி போலத் தோல் வளர்கிறது.

மூடி தடிமனாக இருக்கும் வரை பெரிய ஆபத்து இல்லை. ஆனால் உள்ளே சண்டை அதிகமாக இருந்தால் அந்தச் செல்களே மூடியை அரித்து மெலிதாக்கிவிடும். ஒரு நாள் மூடி கிழியும். கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிடும். இதயக் குழாயில் அடைத்தால் மாரடைப்பு. மூளைக்குப் போகும் குழாயில் அடைத்தால் பக்கவாதம்.

ரத்தக்குழாய் அடைப்பு வெறும் கொழுப்பு நோய் அல்ல, அது ஓர் அழற்சி நோய் என்று அமெரிக்க விஞ்ஞானி ரஸ்ஸல் ராஸ் 1999-ல் விரிவாக எழுதினார். 2017-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு அதற்கு வலு சேர்த்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஆய்வு அது. கொழுப்பைக் குறைக்காமல், அழற்சியை மட்டும் குறைக்கும் ஓர் ஊசி போட்டபோது மீண்டும் மாரடைப்பு வருவது ஓரளவு குறைந்தது.

இரண்டும் சேரும் இடம்

இப்போது மூட்டையும் ரத்தக்குழாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூட்டுச் சவ்வில் கூடுவது விழுங்கும் செல்களும் டி செல்களும். ரத்தக்குழாய்ச் சுவரில் கூடுவதும் அவையேதான். அங்கே எழும் கூப்பாடும் இங்கே எழும் கூப்பாடும் ஒன்றுதான்.

முடக்குவாதம் அடங்காமல் இருந்தால், ரத்தத்தில் சுற்றும் டி.என்.எஃப்., இன்டர்லூக்கின் 6 ஆகியவை ரத்தக்குழாயின் வழவழப்பான உள் பக்கத்தைப் பிசுபிசுப்பாக்குகின்றன. வெள்ளை அணுக்கள் அதில் எளிதாக ஒட்டிச் சுவருக்குள் நுழைகின்றன. ரத்தம் உறையும் தன்மையும் கூடுகிறது. கட்டி வேகமாக வளர்கிறது, மூடி சீக்கிரம் மெலிகிறது.

இன்னொரு விஷயமும் ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். டி செல்களில் ஒரு தினுசு, வழக்கமாகத் தன்மேல் இருக்கும் ஒரு புரதத்தை இழந்துவிடுகிறது. இவை நீண்ட காலம் சாகாமல் இருந்து திசுக்களைத் தாக்கும். முடக்குவாதம் உள்ள சிலரது ரத்தத்தில் இவை அதிகமாக இருக்கின்றன. மாரடைப்பு வரும் நிலையில் மருத்துவமனைக்கு வந்த இதய நோயாளிகளின் ரத்தத்திலும், அவர்களது குழாய்க் கட்டியிலும்கூட இதே தினுசைக் கண்டார்கள்.

இதனால் ஆபத்து எவ்வளவு கூடுகிறது? பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், முடக்குவாதம் உள்ளவர்களுக்கு இதய, ரத்தக்குழாய் நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு என்று தெரிகிறது. நம் கணக்கில் சொன்னால், நூற்றுக்கு இரண்டு வட்டி கட்ட வேண்டிய இடத்தில் மூன்று வட்டி கட்டுவது போல. ஒரு மாதத்தில் பெரிதாகத் தெரியாது. பத்து வருடத்தில் தெரியும். 2009-ல் ஐரோப்பிய வாதநோய் மருத்துவ அமைப்பு, முடக்குவாதம் பலமாக உள்ளவர்களின் இதய ஆபத்தைக் கணக்கிடும்போது வரும் எண்ணை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளுங்கள் என்று மருத்துவர்களுக்கு அறிவுரை சொன்னது. அதன்பின் வந்த அறிவுரையில், முடக்குவாதம் உள்ள எல்லோருக்கும் அப்படிப் பெருக்கலாம் என்றார்கள்.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. முடக்குவாதம் உள்ள எல்லோருக்கும் மாரடைப்பு வந்துவிடாது. பெரும்பாலானவர்களுக்கு வராது. ஆனால் முன்னெச்சரிக்கையாக இருக்க வேண்டியவர்கள் யார் என்று தெரிந்துகொண்டால் தடுக்க முடியும்.

"கொலஸ்ட்ரால் கம்மியாத்தானே இருக்கு?"

இந்த நோயில் ஒரு விசித்திரம் உண்டு. நோய் தீவிரமாக இருக்கும்போது ரத்தத்தில் கொலஸ்ட்ரால் அளவு குறைந்து காட்டும். "கொலஸ்ட்ரால் நார்மல், பயமில்லை" என்று நாம் நிம்மதியாகிவிடுவோம். ஆனால் அந்தச் சமயத்தில் அழற்சி அதிகமாக இருப்பதால் இதய ஆபத்தும் அதிகமாகவே இருக்கும். மருந்து சாப்பிட்டு நோய் அடங்கும்போது கொலஸ்ட்ரால் கொஞ்சம் ஏறலாம். அதைப் பார்த்து "இந்த மாத்திரையாலதான் கொழுப்பு ஏறுது" என்று நிறுத்திவிடக் கூடாது. மூட்டு வீக்கம் அடங்கியிருக்கும்போது எடுக்கும் கொலஸ்ட்ரால் பரிசோதனைதான் நம்பகமானது.

வலி மாத்திரை வேறு, நோய் மாத்திரை வேறு

சகோதரிகளே, இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதானால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

வலி மாத்திரை வலியை மறைக்கும். உள்ளே காவல்காரர்கள் செய்யும் சேதத்தை அது நிறுத்தாது. டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் மாதக் கணக்கில் தின்றால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும். மாரடைப்பு ஆபத்தும் கூடும்.

செட் மாத்திரையில் பல சமயம் ஸ்டீராய்டு கலந்திருக்கும். சில இடங்களில் நாட்டு மருந்து என்று விற்கும் பொடியிலும் கலந்து விடுகிறார்கள். போட்ட அன்றே கை லேசாகிவிடும். அதனால் "கைராசியான மருந்து" என்று நம்பிவிடுகிறோம். நாள்பட்டால் முகம் உப்பும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு பலமிழக்கும். மருத்துவரே ஸ்டீராய்டு கொடுப்பதும் உண்டு. அது அளவு பார்த்து, குறைந்த நாளைக்குக் கொடுப்பது. நீண்ட நாள் சாப்பிட்டவர்கள் அதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

நோய் மாத்திரை என்பது காவல்காரர்களின் தவறான ஆவேசத்தையே அடக்குவது. முக்கியமானது மெத்தோட்ரெக்சேட். சல்ஃபாசலசின், ஹைட்ராக்சிகுளோரோகுயின் போன்றவையும் உண்டு. இவை வேலை செய்ய ஒன்றரை மாதம், மூன்று மாதம் ஆகலாம். ஆனால் மூட்டு கோணாமல் காப்பவை இவைதான். மெத்தோட்ரெக்சேட் சாப்பிட்டு வந்த முடக்குவாத நோயாளிகளிடையே இதய நோயால் இறப்பது குறைவாக இருந்ததாக 2002-ல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது.

அதற்காக "இதயத்துக்கு நல்லதாம்" என்று முடக்குவாதம் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு மாத்திரையைப் போடக் கூடாது. முடக்குவாதம் இல்லாத இதய நோயாளிகளுக்கு இதே மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2018-ல் வந்தது. அவர்களுக்கு அதனால் பலன் கிடைக்கவில்லை.

மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க:

• முடக்குவாதத்துக்கு இது வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே சாப்பிடும் மருந்து. தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. வாரக் கூட்டம் நடக்கும் கிழமையையே மாத்திரைக் கிழமையாக வைத்துக்கொண்டால் மறக்காது.
• கூடவே கொடுக்கும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை மருத்துவர் சொன்ன நாளில் விடாமல் சாப்பிட வேண்டும்.
• கர்ப்பிணிகளும், கர்ப்பம் எதிர்பார்ப்பவர்களும் இதைச் சாப்பிடக் கூடாது. முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள், வேறு மருந்து மாற்றித் தருவார்.
• சொன்ன காலத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். வாய்ப்புண், காய்ச்சல், மூச்சிரைப்பு வந்தால் உடனே காட்ட வேண்டும்.

வலி மறைந்தாலும் இந்த மாத்திரைகளை நாமாக நிறுத்தக் கூடாது. வலி இல்லை என்றால் மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம். நம் ஊக்குநர் சகோதரி தவறவிட்டது இந்த ஒரு விஷயத்தைத்தான்.

நெஞ்சு வலியாகவே வரும் என்பதில்லை

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 2005-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முடக்குவாதம் உள்ளவர்கள் நெஞ்சு வலி என்று சொல்லி வருவது மற்றவர்களைவிடக் குறைவு, ஆனால் தெரியாமலே மாரடைப்பு வந்து போவது அதிகம் என்று அதில் கண்டார்கள். நமக்கோ ஏற்கெனவே தோள், கழுத்து, கை எல்லாம் வலிக்கிறது. அதில் இதய வலி எது என்று பிரிப்பது கஷ்டம். ஆகவே கீழே உள்ளவற்றை மனதில் வையுங்கள்:

• நெஞ்சில் அழுத்தம், இறுக்கம், எரிச்சல்
• தாடை, கழுத்து, முதுகு, தோள், கை ஆகியவற்றில் புதிதாக வரும் வலி. மூட்டை அசைத்தாலும் அசைக்காவிட்டாலும் அது ஒரே மாதிரி இருக்கும்.
• காரணமில்லாமல் குளிர்ந்த வியர்வை, குமட்டல், மயக்கம்
• சிறு வேலைக்கே மூச்சு வாங்குதல், என்றும் இல்லாத அளவு களைப்பு

இவை திடீரென்று வந்தால் தைலம் தேய்த்துக் காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். போனவுடன் "எனக்கு முடக்குவாதம் இருக்கு" என்பதையும், சாப்பிடும் மாத்திரைகளையும் சொல்லுங்கள். மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் உடனே கொடுக்க வேண்டிய முதல் மாத்திரைகளைத் துணை சுகாதார நிலையங்களிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வைக்கும் 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தமிழக அரசு 2023-ல் தொடங்கியது. உங்கள் ஊர் நிலையத்தில் அந்த மாத்திரைகள் இருக்கின்றனவா என்று செவிலியரிடம் இன்றே கேட்டு வையுங்கள்.

உறுப்பினர்கள் கேட்ட சில கேள்விகள்

புளி, தக்காளி, கிழங்கு எல்லாம் நிறுத்தினால் வாதம் போய்விடுமா?

போகாது. முடக்குவாதத்தைக் குணமாக்கும் பத்தியம் எதுவும் இல்லை. எல்லாவற்றையும் நிறுத்தினால் ரத்த சோகைதான் மிஞ்சும். ஒரு குறிப்பிட்ட பண்டம் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதை மட்டும் விட்டுவிடலாம். இதயத்துக்காக உப்பு, ஊறுகாய், கருவாடு, அப்பளம் குறையுங்கள். பலகாரம் சுட்ட எண்ணெயையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். பருப்பு, கீரை, காய்கறி, மீன் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வலியோடு நடக்கலாமா?

வீக்கம் கடுமையாக இருக்கும் நாளில் மூட்டுக்கு ஓய்வு கொடுங்கள். மற்ற நாளில் நடப்பது மூட்டுக்கும் இதயத்துக்கும் நல்லது. "வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே" என்போம். ஒரே இடத்தில் நின்று செய்யும் வேலை நடைக்கு ஈடாகாது. முதலில் பத்து நிமிடம், பிறகு கூட்டி அரை மணி வரை நடக்கலாம்.

வெற்றிலை போடுகிறோம், அதனால் என்ன?

வெற்றிலையோடு போடும் புகையிலை ஆபத்து. மென்றாலும் புகைத்தாலும் புகையிலை இதயத்துக்குக் கெடுதல். புகைபிடித்தால் முடக்குவாதம் வரும் வாய்ப்பும் கூடும். வீட்டில் ஆண்கள் பீடி பிடித்தால் வெளியே போகச் சொல்லுங்கள்.

ரத்தப் பரிசோதனையில் 'ஆர்.ஏ. ஃபேக்டர்' இல்லை என்றார்கள். அப்படியானால் இந்த நோய் இல்லையா?

அப்படிச் சொல்ல முடியாது. முடக்குவாதம் உள்ள சிலருக்கு அது 'இல்லை' என்றே வரும். மருத்துவர் கையைப் பார்த்து, ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ஆன்டி சி.சி.பி. போன்ற பரிசோதனைகளையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு சொல்வார். பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் வாதநோய்க்குத் தனிப் பிரிவு உண்டு. அது இல்லாத இடத்தில் பொது மருத்துவப் பிரிவில் காட்டலாம்.

குழுவாக நாம் என்ன செய்யலாம்?

2021-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது, வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்த பெண் தன்னார்வலர்கள் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்தவர்கள்தான். அந்தப் பழக்கத்தை நாம் இந்த நோய்க்கும் கொண்டு வரலாம்.

1. அடுத்த கூட்டத்தில் இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டுங்கள். படித்த பிறகு, "காலையில் கை மடங்க அரை மணிக்கு மேல் ஆகிறவர்கள் யார்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். கை தூக்குகிறவர்களை மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

2. தனியாகப் போகத் தயங்குவார்கள். ஒரே பகுதியில் இரண்டு, மூன்று பேர் இருந்தால் ஒரே நாளில் சேர்ந்து போக ஏற்பாடு செய்யுங்கள்.

3. முடக்குவாதம் உள்ளவர்கள் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் மூன்றையும் தவறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அழுத்தம் 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் காட்டினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அளவுகளைச் சேமிப்புப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலேயே எழுதி வைக்கலாம்.

4. மருத்துவத்துக்கு உள்கடன் கேட்டு வந்தால் என்ன மருந்து, யார் எழுதிக் கொடுத்தது என்று அன்போடு விசாரியுங்கள். எண்ணெய்க்கும் பொடிக்கும் கொடுக்கும் பணம் பரிசோதனைக்குப் போனால் உயிரைக் காக்கும்.

5. மருந்து சாப்பிடுகிறவரிடம் வாரக் கூட்டத்தில், "மாத்திரை போட்டாச்சா அக்கா?" என்று ஒருவர் கேட்டால் போதும். தவணை கட்ட ஞாபகப்படுத்தும் நமக்கு இது பெரிய காரியமா?

முதலில் சொன்ன ஊக்குநர் சகோதரி இப்போது வாதத்துக்கும் இதயத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். விரல் வீக்கம் வற்றிவிட்டது. பதிவேட்டை மகளிடமிருந்து திரும்ப வாங்கிவிட்டார். இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு முன் அவரிடம் அனுமதி கேட்டோம். "என் பேரு வேணாம்மா. ஆனா ஒண்ணு எழுதுங்க. கை வலிக்குதுன்னு நான் சொன்னப்ப எல்லாரும் பாவம்னாங்க. ஆஸ்பத்திரிக்கு வா போகலாம்னு ஒருத்தரும் கூப்பிடலை" என்றார்.

அவர் சொன்னதில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் யாராவது கை வலிக்கிறது என்று சொன்னால், எந்த நாளில் மருத்துவமனைக்குப் போகலாம் என்று அப்போதே முடிவு செய்து தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள். கூட யார் போகிறார் என்பதையும் எழுதுங்கள்.